நன்னீர் பாய்ச்சிய பகை

கிழக்கே ஓயாது கரையை அறைந்து மீளும் கடலும், மேற்கே கருநீர் தேங்கி நாறும் உப்பங்கழியும், இரண்டிற்கும் நடுவே வறுத்த நொய்போல் வெந்து கிடக்கும் மணல்மேடுமாக நீண்ட எண்ணூர்க் கரையின்மேல், கத்திரி வெயிலின் உச்சிப்பொழுது, சினந்த வேந்தன் தோற்ற நாட்டை நோக்குவது போல இரக்கமற்று நின்றது. புதிதாய் எழுந்த அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி கக்கிய சாம்பற்புகை காற்றின்றித் தூணென நிற்க, துறைமுகம் நோக்கிச் செல்லும் சரக்குத் தொடர்வண்டியின் கூவல் வெப்பத்தில் நெளிந்து தேய, முகத்துவாரக்குப்பத்து மீனவர் கட்டுமரங்களைக் கரையேற்றிவிட்டு ஓலை நிழலில் ஒடுங்க, நண்டுகளும் வளைவிட்டு வெளிவர அஞ்சின. உயிரெல்லாம் ஒளிந்த அப்பொழுதிலும் ஒளியாது நின்றது ஒரு செடிக்கூட்டம். முழங்கால் உயரமே வளர்ந்து, சிறுத்த இலையும் வெளிறிய செம்பூவுமாக மணலைப் பற்றி நின்ற அச்செடிகளுக்கிடையே, தலையில் ஈரத்துணியிட்டு, களைகொட்டுடன் குனிந்திருந்தாள் ஜெயக்கொடி என்னும் கைம்பெண்.

கற்றறிந்தோரே, அச்செடியை நீவிர் காணாதிருந்திருக்க இயலாது. நித்தியகல்யாணி என்று நகரத்தார் வடசொல்லால் வாழ்த்துவதும், சுடுகாட்டு மல்லி என்று குப்பத்தார் முகஞ்சுளித்து ஒதுக்குவதும் அதனையே. நடுவாரும் காப்பாரும் இன்றிக் கல்லறை மேட்டிலும் இடுகாட்டு ஓரத்திலும் தானே முளைத்து, ஆண்டு முழுவதும் பூத்து, கொய்வார் இன்றி உதிரும் அதன் வேரை, குருதிக் குழாய்களின் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்திற்காகக் கடல்கடந்த நாட்டார் மூட்டை மூட்டையாக வாங்கத் தொடங்கியிருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் எழுபதுகள் பிறந்து நடைபழகிய காலம் அது. நேற்றுவரை பிணத்திற்குத் துணையென்று இகழப்பட்ட செடி, இன்று இராயபுரத்துக் கிடங்குகளில் ஏலக்காய்க்கு ஒப்பாக எடைக்கல்லின் எதிரே அமர்ந்தது.

ஜெயக்கொடியின் கணவன் இராசையாவும் அவன் தம்பி தவசிமுத்தும் தென்பாண்டிச் செம்மணற் காட்டினின்று பிழைப்புத் தேடி வந்து, சுக்கும் திப்பிலியும் கடுக்காயும் நிலாவாரையும் விற்கும் மருந்துச்சரக்குக் கிடங்கு ஒன்றை இராயபுரத்தில் நிறுவியவர்கள். ஒரே தட்டில் உண்டு, ஒரே பாயில் உறங்கி வளர்ந்த அவ்வுடன்பிறப்பு, இராசையா மஞ்சட்காமாலையால் மாண்ட அன்று, அவன் சிதையின் சூடு ஆறுமுன் அறுந்தது. கிடங்கும், திருவொற்றியூரில் இன்னீர்க் கிணற்றோடு கூடிய தோட்டமும் தம்பியின் பங்காயின. விலைக்கு வாங்குவாரின்றிக் கிடந்த எண்ணூர் மணல்மேடு கைம்பெண்ணின் பங்காகத் தள்ளப்பட்டது. அதனை ஊர்ப்பெரியோர் கூடிய அவையில் தவசிமுத்து அறிவித்த வகையோ, பங்கினும் கொடிது.

“மதினி, கடக்காத்து ஒடம்புக்கு ரொம்ப நல்லதுல்லா. அண்ணன் இருந்தாலும் இதத்தான் ஒங்களுக்குக் குடுத்திருப்பான்” என்றான் அவன்.

பட்டினி கிடப்பவள் இலையில் சாம்பலைப் பரிமாறி உப்புப் போதுமோ என்று வினவியது போன்ற அச்சொல்லைக் கேட்டு அவை நகைத்தது. ஜெயக்கொடி மகள் ஞானசெல்வியின் கையைப் பற்றிக்கொண்டு எழுந்தாள். வாயிலில் நின்று கொழுந்தனை ஒருமுறை திரும்பி நோக்கினாள். அந்நோக்கைப் பெற்றவன் அன்றிரவு உண்ணவில்லை என்பர்.

மணல்மேட்டில் ஓலைக்குடில் அமைத்து, இடுகாட்டு ஓரத்தினின்று வித்துத் திரட்டி, அவள் அச்செடியை விதைக்கத் தொடங்கியபோது, கடலுக்குச் செல்லாத நாட்களில் கூலிக்கு வந்த குப்பத்துப் பெண்டிர் வாய்விட்டுச் சிரித்தனர். அவர்களுள் மூத்தவளும், வலைப்பின்னலிலும் வசைமொழியிலும் எவர்க்கும் தோலாதவளுமான சிலுவையம்மாள், இடுப்பில் கைவைத்து நின்று, “இன்னாம்மே, போயும் போயும் சுடுகாட்டுப் பூவையா வெதைக்கிற? இத வெச்சிகினு இன்னா பண்ணுவ? பொணத்துக்கு மாலை கட்டுவியா?” என்று கேட்டாள்.

“பொணமா கெடக்கவன எழுப்பி ஒக்கார வைக்கப் போறேன். நீ குழியத் தோண்டு” என்றாள் ஜெயக்கொடி. சிலுவையம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். அன்றுமுதல் அவ்விருவர்க்கும் இடையே சண்டையும் நட்பும் வேறு பிரித்தறிய ஒண்ணாதவாறு பின்னி வளர்ந்தன.

தவசிமுத்துவும் வாணிகன் அன்றோ! கடல்கடந்த நாட்டார் விரும்பும் சரக்கு இன்னதென்று அவனும் அறிந்திருந்தான். திருவொற்றியூர்த் தோட்டத்தை உழுது, எருவிட்டு, காலையும் மாலையும் கிணற்றுநீர் இறைத்து, அதே செடியை வரிசைவரிசையாக வளர்த்தான். ஆயினும் தன் பயிரின் செழிப்பு அவனுக்கு உறக்கம் தரவில்லை. அண்ணன் மனைவியின் பயிர் அழியாது நிற்பதே கண்ணில் விழுந்த மணலாய் உறுத்திற்று. ஆகவே ஒரு நாள், மேய்ப்பன் ஒருவனை ஏவி, பசித்த ஆட்டுமந்தையை அவளது மணல்மேட்டில் ஓட்டிவிடச் செய்தான். வேலியைப் பிரித்து நுழைந்த ஆடுகள், பச்சை கண்ட களிப்பில் பாய்ந்து, முதற்கடி கடித்தன, கடித்தவை தலையை உதறின, உமிழ்ந்தன, பின்வந்த குட்டிகளை முட்டித் தள்ளிக்கொண்டு வந்த வழியே மீண்டன. ஓடிவந்த ஜெயக்கொடி, மிதிபட்ட சில செடிகளையன்றி வேறு இழப்புக் காணாது வியந்து நின்றாள். மந்தை யாருடையதென்று வினவ வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.

ஆடுகள் அறிந்ததை யாமும் அறிதல் வேண்டும். ஓடி ஒளியக் காலும், முட்டி வீழ்த்தக் கொம்பும், கூவி அழைக்க நாவும் பெறாத செடி, கதிரொளியில் தான் சமைத்த உணவில் ஒரு பகுதியைத் தன் வளர்ச்சிக்குச் செலவிடாது, நஞ்சு வடிக்கும் தொழிலுக்கு ஒதுக்குகின்றது. அத்தொழில் ஓரிடத்தில் நடைபெறுவதன்று. இலையின் உள்ளறை ஒன்றில் பிறக்கும் பொருள் புறத்தோலின் அறைக்குக் கைம்மாறி, ஆங்கே வேறொன்றோடு புணர்ந்து, மீண்டும் மற்றோர் அறைக்குச் சென்று, கொல்லன் உலையினின்று தச்சன் பட்டறைக்கும் தச்சனிடமிருந்து சாணைக்காரனிடத்தும் செல்லும் படைக்கலம் போலப் படிப்படியாகக் கூர்மை பெறுகின்றது. அங்ஙனம் பெற்ற நஞ்சு தன்னையே கொல்லாதிருக்க, செடி அதனைப் பாதி வினைமுடித்த நிலையில் ஓரறையிலும், அதனை முழுமையாக்கும் நொதியைச் சுவரால் மறைத்து வேறோரிடத்திலும் வைத்துக் காக்கின்றது. புழுவோ ஆடோ கடிக்குங்கால் சுவர் இடிகின்றது, பிரிந்திருந்தவை கூடுகின்றன, கடித்த வாய் கசப்பால் எரிகின்றது. வேரோ, மண்ணில் உறையும் கண்ணுக்குப் புலனாகாப் பகைவர்க்கெனத் தனக்குரிய நஞ்சைத் தானும் சேர்த்துவைக்கின்றது. அந்நஞ்சையே அளந்து, வடித்து, துளியிலும் துளியாக்கி, நாம் மருந்து என்கிறோம். நம்பொருட்டு அச்செடி எதனையும் செய்ததில்லை. மாந்தர் நோய் தீர்க்க மரஞ்செடிகள் அருள்சுரக்கின்றன என்று பாடுவார் பாடுக. அவை சுரப்பது அருளன்று, பகை.

வேர் முற்றிய பருவத்தில் இருவர் சரக்கும் துறைமுகத்தருகே இருந்த ஏற்றுமதி நிறுவனம் ஒன்றை அடைந்தன. ஆங்கு வேரைப் பொடித்து, அதன் சத்தை அளந்து, ஏற்பதோ தள்ளுவதோ உரைக்கும் பொறுப்பில் இருந்தவள் ஃப்ளோரா. இராயபுரத்துக் கிறித்தவக் குடும்பத்தில், தொடர்வண்டிக் காவலர் ஒருவர்க்கு மகளாய்ப் பிறந்து, வேதியியல் கற்று, முகத்தில் சிரிப்பையும் சொல்லில் சுற்றுவழியையும் அறவே விலக்கியவள் அவள். தவசிமுத்துவின் வேர் பருத்து வெளுத்து அழகாயிருந்தது, சத்தோ மெலிந்திருந்தது. ஜெயக்கொடியின் வேர் முறுக்கேறி, கறுத்து, குச்சியெனச் சிறுத்திருந்தது. சத்தோ அந்நிறுவனத்தார் அதுகாறும் கண்டிராத அளவினதாயிருந்தது. தம்பியின் மூட்டைகள் திரும்பின. கைம்பெண்ணின் மூட்டைகள் கப்பலேறின.

திரும்பிய மூட்டைகளுக்கு முன்னே தவசிமுத்து ஆய்வுக்கூடத்தினுள் நுழைந்தான். “எந் தோட்டத்துச் செடிக்கு என்னம்மா கொற? ஆளு ஒசரம் நிக்குது. அந்தப் பொட்ட மணல்ல மொளச்சதுல என்ன இருக்கு?” என்று சீறினான்.

“உங்க செடிக்கு ஒரு குறையும் இல்லீங்க. அதான் குறை” என்றாள் ஃப்ளோரா, தன் குடுவையினின்று கண்ணெடாமலே. “தாகமும் உப்பும் வெயிலும் வாட்டினாத்தான் இந்தச் செடி அந்தச் சத்தை வேர்ல கூட்டும். வேளாவேளைக்குத் தண்ணி கிடைச்சா இலையும் தண்டும்தான் கொழுக்கும். தோண்டுறதுக்கு முன்னால கொஞ்ச மாசம் தண்ணியை நிறுத்திப் பாருங்க. உங்க சரக்கும் தேறும்.”

பாருங்கள், தன் பயிரைத் திருத்தும் வழி அவன் கைக்கு எட்டியது. நீர் இறைப்பதை நிறுத்தினாற் போதும். அடுத்த பருவத்தில் அவன் மூட்டையும் கப்பலேறும். ஆனால் பகை என்பது தன் விளக்கை ஏற்றுவதினும் பிறர் விளக்கை அவிப்பதில் இன்பங்காண்பது. துறைமுகச் சாலையில் சரக்குந்துகளின் புழுதிக்கிடையே நடந்துசென்ற அவன் நெஞ்சில், ஃப்ளோரா உரைத்த சொற்கள் தலைகீழாய்ப் புரண்டு, வேறொரு பொருளை விளக்கிக்கொண்டு வந்தன. ஆட்டுமந்தை அழிக்காததை எது அழிக்கும் என்று அவன் அறிந்துகொண்டான்.

இராசையா மறைந்த நாளுக்குரிய படையலன்று, தவசிமுத்து தன் மனைவியோடு எண்ணூர் மணல்மேட்டில் வந்திறங்கினான். வாழைத்தாரும் புத்தாடையும் சுமந்துவந்து, அண்ணன் படத்தின்முன் விழுந்து, மணல் நனைய அழுதான். “மதினி, நான் செஞ்சது பாவம். அண்ணன் கனாவுல வந்து மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறான். உங்க மேட்டுக்குத் தெக்க ஒரு நெலம் வாங்கியிருக்கேன். அதுல எளநியாட்டம் தண்ணி. இன்ஜின் வச்சு, வாய்க்கா வெட்டி, உங்க செடிக்கு விடுதேன். வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீய” என்று கைகூப்பினான். பிள்ளைப்பேறற்ற அவன் மனைவியோ, ஞானசெல்வியை அணைத்து, இராயபுரத்தில் தங்கள் இல்லத்திலிருந்து கல்லூரி செல்லட்டும் என்று வேண்டினாள்.

பாம்பு பால் கொணர்ந்ததென ஜெயக்கொடியின் அறிவு எச்சரித்தது. ஆயின் எதிரே, உப்புக்காற்றில் வறண்ட கூந்தலும் கிழிந்த ஆடையுமாக நின்ற மகள், “அம்மா, எத்தன வருசத்துக்கு இந்தப் பகையச் சுமந்துக்கிட்டே இருக்கது? எனக்குத் தாங்க முடியலம்மா” என்று விம்மியபோது, தாயின் நெஞ்சு நெகிழ்ந்தது. நீருக்காக அன்று, மகளுக்காகவே அவள் தலையசைத்தாள்.

நீர் வந்தது. நீரேற்றுப் பொறியின் ஒலி மேட்டின் அமைதியைக் கலைக்க, புதிய வாய்க்காலின் வழியே தெளிந்த நன்னீர் சலசலத்து வந்து, தலைமுறை தலைமுறையாய் வெந்து கிடந்த மணலை நனைத்தது. சிறுத்த இலைகள் அகன்றன; தண்டுகள் நிமிர்ந்தன; கொத்துக்கொத்தாய்ப் பூத்து, மணல்மேடு மணமேடையெனப் பொலிந்தது. “இன்னா ஜெயக்கொடிம்மே, சுடுகாட்டு மல்லி கல்யாணப் பொண்ணாட்டம் ஜிகுஜிகுன்னு கீதே! ஒன் கொழுந்தனைப் போயி கெட்டவன்னு சொல்லிகினு இருந்தியே!” என்றாள் சிலுவையம்மாள். ஜெயக்கொடி நாணினாள். நெடுங்காலத்திற்குப் பின், வஞ்சிர மீனை உப்பிட்டுக் காயவைத்து, தன் கையாலேயே கட்டி, இராயபுரத்திற்கு அனுப்பினாள். ஞானசெல்வி வாரந்தோறும் வந்தாள். அவள் கன்னமும் செடிகளைப் போலவே பூரித்திருந்தது. சித்தப்பா விடியலில் எழுந்து தனக்குக் காப்பி கலப்பதையும், சித்தி தலைவாரிப் பின்னுவதையும் அவள் சொல்லச் சொல்ல, பகையின் வெப்பத்தில் இறுகியிருந்த தாயின் முகம் சிறிது சிறிதாகத் தளர்ந்தது.

மறுபருவம் நெருங்கவே, நிறுவனத்தார் வழக்கம்போல் முன்னோட்டமாய்ச் சில செடிகளின் வேரை மட்டும் தோண்டித் தரக் கேட்டனர். ஜெயக்கொடி தானே எடுத்துச் சென்றாள். பருத்து வெளுத்த அவ்வேரைக் கண்டபோதே ஃப்ளோராவின் புருவம் நெரிந்தது. ஆய்ந்து முடித்தவள், “இதை நான் ஏத்துக்க முடியாதும்மா. சத்து போயிடுச்சு. தண்ணி பாய்ச்சினீங்களா?” என்று கேட்டாள்.

“ஆமா. எங் கொழுந்தன் விட்டான்.”

ஃப்ளோரா குடுவையைக் கீழே வைத்தாள். முதன்முறையாக அவள் ஒருவர் முகத்தை நேரே நோக்கிப் பேசினாள். “தவசிமுத்து அண்ணாச்சியா? தண்ணி ஊத்தினா சத்து போயிடும்னு அவருக்கு நான்தானே சொன்னேன். போன தடவை, இதே இடத்துல நின்னு கேட்டுட்டுப் போனாரே.”

ஜெயக்கொடி அலறவில்லை, அமரவுமில்லை. “செடி இன்னும் நெலத்துலதான நிக்குது? வழி இருக்கா?” என்றாள்.

“தண்ணியை நிறுத்தலாம். சுகம் பழகின செடி தாங்குமான்னு எனக்குத் தெரியலம்மா. இந்தத் தடவை தேறலைன்னா, எங்க ஆபீஸ்ல உங்க பேரை எடுத்துடுவாங்க.”

அங்கிருந்து அவள் நேரே கிடங்கிற்கு நடந்தாள். சுக்கும் மிளகும் மணக்கும் அவ்விருண்ட கூடத்தில் எடைக்கல்லின் பின்னே அமர்ந்திருந்தான் தவசிமுத்து. அருகே பாடநூலை விரித்துவைத்திருந்தாள் ஞானசெல்வி.

“தவசி! எஞ் செடிக்கு நீ ஊத்துனது தண்ணியா, வெசமா?”

அவன் முகம் ஒரு நொடி கறுத்து, பின் நகைத்தது. “தண்ணி ஊத்துனதுக்கா மதினி சண்டைக்கு வந்தீய? போங்க, எந்தப் பஞ்சாயத்துல வேணும்னாலும் சொல்லுங்க. எங் கொழுந்தன் நல்ல தண்ணி குடுத்து என்னியக் கெடுத்துட்டான்னு சொல்லுங்க. ஊரே வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கும்.”

மூட்டை சுமந்தோர் சிரித்தனர். அவன் சூழ்ச்சியின் வலிமை அதுவே. வாளால் வெட்டியவனை மன்று ஒறுக்கும், நீர் வார்த்தவனை எம்மன்று ஒறுக்கும்? அப்பொழுது ஞானசெல்வி நூலை மூடி எழுந்தாள். “சித்தப்பா, தெரிஞ்சுதான் விட்டீங்களா?” என்று கேட்டாள். ஊரார்க்கும் அண்ணிக்கும் ஆயிரம் பொய் உரைக்க வல்ல அந்நாவு, அம்மகளின் முன் புரளவில்லை. அவன் தலை தாழ்ந்தது.

“தெரிஞ்சுதாம்மா. ஆனா... ஒனக்குப் போட்ட சோத்துல நான் எதையும் கலக்கல. சாமி அறிய கலக்கல.”

அது மெய். பகைக்கென விரித்த வலையில் பாசமும் தானே வந்து சிக்கியிருந்தது; அதனை அறுத்தெடுக்க அவனாலும் இயலவில்லை. உள்ளிருந்து ஓடிவந்து கதறிய சித்தியின் கையை மெல்ல விலக்கி, ஞானசெல்வி தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு தாயின் பின்னே இறங்கினாள். சிறிது தொலைவு நடந்து, காசிமேட்டுக் கரையருகே அவள் நின்றாள். “நியாயம் உங்க பக்கம் இருக்குன்னுதான் வாரேன். பாசத்துல வாரேன்னு நெனச்சுக்கிடாதீய அம்மா” என்றாள். தவசிமுத்துவின் நகைப்பினும் அச்சொல் தாயை ஆழமாய்த் துளைத்தது. இருந்தும் அவள் முன்னே நடந்தாள்.

அன்று மாலையே மண்வெட்டி எடுத்து வாய்க்காலின் கழுத்தை அடைத்தாள். பின்வந்த கோடையை எண்ணூர்க் கரையினர் எளிதில் மறந்திலர். நன்னீரில் கொழுத்து, ஆழம் தேடாது மேல்மணலிலேயே வேர்பரப்பிச் சோம்பியிருந்த செடிகள், திடுமென வந்த வறட்சியில் துவண்டன. பூக்கள் கருகின, அகன்ற இலைகள் சுருண்டு உதிர்ந்தன, நாள்தோறும் ஒரு வரிசை செத்தது. பார்க்கப் பொறாத சிலுவையம்மாள் கழியோரத்து ஊற்றினின்று குடத்தில் நீர் முகந்துவந்து நின்றாள். “ஒரு கொடம் ஊத்திக்கிறேம்மே. கண்ணால பாக்க முடியல, பாவமா கீது.”

“ஊத்துனா ஒன் கைய ஒடிச்சிருவேன்.”

“நீ மனுசியாம்மே? கல்லு!” என்று குடத்தை மணலில் கவிழ்த்து, சிலுவையம்மாள் போய்விட்டாள். குடிலுக்குள்ளும் அவ்வறட்சியே நிலவிற்று. ஞானசெல்வி சமைத்தாள், பெருக்கினாள், தாயோடு மட்டும் பேசவில்லை. மகளை அணைத்து ஆற்றும் சொல் ஒன்றேனும் தாயின் வாயினின்று பிறந்திருப்பின் அவ்விளநெஞ்சு தளிர்த்திருக்கும். ஆனால் ஜெயக்கொடி, ஒருமுறை நெகிழ்ந்து ஏமாந்தவள், இனி நெகிழ்தலையே குற்றமெனக் கொண்டாள்.

பாதிச் செடிகள் மாண்டன. எஞ்சிய பாதி, இலையெல்லாம் இழந்து, மணலின் ஆழத்தே உப்புநீர் தேடி வேரைச் செலுத்தி, உயிர்பிடித்து நின்றன. அவற்றைத் தோண்டிக் கழுவி உலர்த்தி எடுத்துச் சென்றபோது ஃப்ளோரா ஆய்ந்தாள், மீண்டும் ஆய்ந்தாள், “எடுத்துக்கிறோம்” என்று ஒரே சொல் உரைத்தாள். பெயர் நிலைத்தது, குப்பத்துப் பெண்டிரின் கூலி நிலைத்தது, சிலுவையம்மாளும் ஏசிக்கொண்டே மீண்டு வந்தாள். கடல்கடந்து சென்ற அவ்வேர் எங்கோ ஒரு முதியவரின் இறுகிய குருதிக் குழாயைத் தளர்த்தி, அவர் தம் பேரப்பிள்ளையின் பெயரை மறவாது அழைக்கத் துணைநின்றிருக்கலாம். துன்பம் செடியை மருந்தாக்கியது போல் மாந்தரையும் மருந்தாக்கும் என்று எவரேனும் உமக்கு உரைப்பராயின், பெரியீர், நம்பற்க. துன்பம் ஜெயக்கொடியைக் கசப்பாக்கியது. அக்கசப்பை அளந்து மருந்தாக்குவார் ஒருவரும் அவள் வாழ்வில் வரவில்லை.

ஆண்டுகள் சில கழிந்து ஞானசெல்விக்குத் திருவொற்றியூரில் திருமணம் கூடிற்று. கைம்பெண் மகளைத் தாரைவார்த்துத் தரும் வழக்கம் அக்குடியில் இல்லை. தந்தையின் இடத்தில் சித்தப்பனும் சித்தியும் நிற்றலே முறை. தூது சென்ற உறவினரிடம், “அவன் வாசப்படி மிதிச்சா நான் அந்தப் பந்தல்ல இருக்க மாட்டேன்” என்றாள் ஜெயக்கொடி. தெற்கினின்று வந்த தாய்மாமன் கையால் தாரை வார்க்கப்பட்டது. தாலி ஏறியபின், மாலையோடு எழுந்த மணப்பெண், கணவனின் கையை விட்டு, பந்தலைக் கடந்து, கூட்டம் வழிவிட்டுத் திகைக்க, தெருவில் இறங்கினாள். எதிர்ச்சாரியில், அடைத்த கடை ஒன்றின் நிழலில், தலை நரைத்து, தோள் சரிந்து, வெள்ளாடையில் தனியே நின்றுகொண்டிருந்தான் தவசிமுத்து. அவன் அடியில் அவள் விழுந்து வணங்கினாள். அவன் கை அவள் தலையைத் தொட்டு மீண்டது. அவள் எழுந்து, கண்ணைத் துடைத்து, பந்தலுக்குத் திரும்பித் தாயின் எதிரே நின்றாள்.

ஜெயக்கொடி மகளைச் சினந்து பேசவில்லை; தெருவையும் நோக்கவில்லை. பந்தி பரிமாறுவோனை அழைத்து, “வாசல் பக்கத்து வரிசையில ஒரு எலையப் போடு” என்றாள். எவர்க்கென்று அவன் வினவ, “போடுன்னா போடு” என்று அதட்டினாள். இலை விரிந்தது; நீர் தெளிக்கப்பட்டது; சோறும் பருப்பும் நெய்யும் இனிப்பும் முறைப்படி வந்து நிறைந்தன. எதிர்ச்சாரியில் நின்றவன் அதனைக் கண்டான். அவன் கால் ஒருமுறை தெருவில் இறங்கிற்று; பின்பு ஏறிக்கொண்டது. கடந்துசென்ற சரக்குந்து ஒன்றின் புழுதி அடங்கியபோது அங்கே அவன் இல்லை. பந்தி முடிந்து இலையை எடுக்க வந்தவனை, “அது இருக்கட்டும்” என்று அவள் தடுத்தாள். அடுத்த பந்தி அமர்ந்து எழுந்தது, அதற்கடுத்ததும் எழுந்தது, அவ்விலை மட்டும் தீண்டுவாரின்றிக் கிடந்தது.

அன்றோடு பகை தீர்ந்தது என்றெழுத யாமும் விழைந்தோம். மெய் அதற்கு இடந்தரவில்லை. தவசிமுத்து மறைந்தபோது அவள் இராயபுரம் செல்லவில்லை. மன்னிக்க ஒருப்படாத நெஞ்சும் ஒரோவொருகால் ஓர் இலையை விரித்துவைக்கும். தெருவைக் கடந்துவந்து அதன்முன் அமரும் துணிவு எதிர்நின்றார்க்குப் பிறவாதாயின், சோறு ஆறும், இலை வாடும், இருவர் வாழ்நாளும் அவ்விரண்டு சாரிகளிலேயே நின்று கழியும்.